வெளியே போகாத மெயில்கள்

அந்த லென்ஸ் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் ஆபரேட்டரம்மா. டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை உள்ளே பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாலிஷ் ஃபோர்மேன் எந்த நேரத்தில் மெஷின் பக்கம் இருப்பார், எந்த நேரத்தில் கேன்டீனில் இருப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

தானாகவே லைன் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது அவள் வேலை போயிருக்க வேண்டியது. முதலாளிகளில் மூத்தவர்தான் விடவில்லை. "யாருக்கு வந்தது யார்கிட்ட போகணும்னு தெரிஞ்ச பொண்ணு. மெயிலும் அதே சோலிதானே, கத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் மாடிப்படிக்குக் கீழே, ஏசி மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன அறையும், அதிலிருந்த மெயில் சர்வரும் அவள் பொறுப்புக்கு வந்தன.

முதல் வருஷம் திணறித்தான் போனாள். ஒரு கமா விட்டுப்போனதால் அரை நாள் முழுக்க கம்பெனிக்கு மெயிலே வரவில்லை. கட்டளைகளைத் துண்டுத் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர், "ஏம்மா, இனிமே நம்ம அடுப்பும் பாஸ்வேர்டு கேக்குமா?" என்று கேலி செய்வார். "கேட்டா உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்" என்பாள். இரண்டாம் வருஷத்தில் பிடி கிடைத்தது. அதற்கப்புறம் யாராவது "மெயில் வரலை" என்று வந்து நின்றால், "என் சர்வர்ல மெயில் தொலையாது. உங்க ஆள் அனுப்பியிருக்க மாட்டார்" என்று தலையைத் தூக்காமலே சொல்லும் அளவுக்கு ஒரு மிதப்பும் வந்தது.

கம்பெனி அண்ணன் தம்பி இருவருடையது. ஆட்கள் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்பார்கள். இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மா இல்லாத வீட்டில் சின்னவரைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது அண்ணிதான். பெரியவருக்கு ஐம்பதைத் தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. கருவி வைத்தும் போனில் பேசுவது பிடிபடவில்லை. அதனால் அவர் எதையும் எழுதித்தான் சொல்வார். ஒரு விரலால் தட்டித் தட்டி, பெரிய பெரிய எழுத்தில்.

கண்ணாடி லென்ஸை விட்டுவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாற வேண்டும் என்று சின்னவர் நின்றார். மாறினால் அப்பா பெயர் போய்விடும் என்று பெரியவர் நின்றார். பேச்சு தடித்தது. ஆட்கள் முன்னாலேயே ஒருவரை ஒருவர் எடுத்தெறிந்து பேசிக்கொண்டார்கள். கடைசியில் பங்கு பிரிந்தது. மூக்குக் கண்ணாடி ஃபிரேம் செய்யும் பிரிவை சின்னவர் எடுத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புது ஃபாக்டரி போட்டார். ஃபிரேம் பிரிவின் பெயரும், மெயில் முகவரிகளின் பின்பாதியில் அந்தப் பெயரைத் தாங்கிய டொமைனும் அவரோடு போயின. ஆட்களில் பாதிப் பேரும் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி ஃபிரேம் பிரிவின் கணக்கைப் பார்த்தவள். மெஷின் இல்லாமலே மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்குக் கால்குலேட்டர் என்று பட்டப்பெயர். ஆபரேட்டரம்மாவுக்கு உயிர்த் தோழி. ஆனால் போகப்போவதை அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் மேஜை காலியாக இருந்தது. ஆபரேட்டரம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அதன்பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை.

பிரிவினை நாளில் மெயிலை மாற்றிக் கொடுக்க வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தான். உலகத்தில் எங்கிருந்து அந்த டொமைனுக்கு மெயில் வந்தாலும் புது ஃபாக்டரியின் சர்வருக்குப் போகும்படி செய்துவிட்டுக் கிளம்பினான். "உங்க சர்வர்ல நீங்க எதையும் தொட வேண்டாம்மா. பழைய மெயில் பெட்டியெல்லாம் அப்படியே இருக்கணும்னு வக்கீல் சொல்லியிருக்கார்" என்றான். அவளும் தொடவில்லை.

மூன்று வருஷம் ஓடியது. அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகு கால்குலேட்டர் மட்டும் பாக்கி. போனை எடுத்தாள், வைத்தாள். எப்படி ஆரம்பித்துப் பேசுவது என்று தெரியவில்லை. மத்தியானம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து மெயிலாக எழுதினாள். பழசை எல்லாம் விட்டுவிடு, நீ வராமல் எனக்குக் கல்யாண வீடாகவே இருக்காது என்று எழுதி, அழைப்பிதழையும் இணைத்து அனுப்பினாள். பதில் வரவில்லை. மண்டபத்தில் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவள் வரவில்லை.

"விடும்மா. மனசு இல்லாதவங்களை இழுத்துட்டு வர முடியுமா?" என்றார் கணவர்.

சில மாதம் கழித்து ஒரு துணிக்கடை மாடிப்படியில் இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். ஒதுங்கிப் போக இடமில்லை. கால்குலேட்டர்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே அக்கா. நல்லா இருக்கட்டும். ஊர்ல இருக்கிறவங்க சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"என்னடி பேசற? உனக்கு அழைப்பு அனுப்பலையா நான்? பக்கம் பக்கமா எழுதி அனுப்பினேனே!"

"எதுல?"

"மெயில்ல. உன் ஆபீஸ் மெயிலுக்கு."

"சத்தியமா வரலைக்கா. தினமும் பாக்கறேன். ஸ்பேமைக்கூட விட மாட்டேன். எனக்கு இன்னும் பழைய அட்ரஸ்தானே, அதே பேரு, அதே டொமைன்."

ஆபரேட்டரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வராத மெயில் திரும்பியாவது வந்திருக்க வேண்டும். திரும்பியும் வரவில்லை. அப்படியென்றால் அது எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நாளைக்குச் சொல்றேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆபீசுக்கு வந்து சர்வரின் லாகைத் திறந்தாள். வந்ததும் போனதும் ஒரு வரி விடாமல் அதில் பதிவாகியிருக்கும். தோழிக்கு எழுதிய மெயிலைத் தேடிப் பிடித்தாள். 'டெலிவரி ஆகிவிட்டது' என்று இருந்தது. எங்கே? இதே சர்வரில், இதே அறையில், மூன்று வருஷமாக யாரும் திறக்காத கால்குலேட்டரின் பழைய பெட்டியில்.

காரணம் புரிய நேரம் ஆகவில்லை. எந்தெந்த டொமைன் நம்முடையது என்று மெயில் சர்வருக்குச் சொல்லி வைக்க ஒரு சின்னப் பட்டியல் உண்டு. ஒரு மெயில் வந்ததும் சர்வர் அதைத்தான் முதலில் பார்க்கும். முகவரியில் இருக்கும் டொமைன் அந்தப் பட்டியலில் இருந்தால், இது நம் வீட்டு ஆளுக்கு என்று உள்ளே இருக்கும் பெட்டியிலேயே போட்டுவிடும். இல்லாவிட்டால்தான் வெளியே வழி தேடும். ஃபிரேம் டொமைன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியும் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருந்தது. உலகம் முழுக்க அனுப்புகிற மெயில் சின்னவர் ஃபாக்டரிக்குச் சரியாகப் போனது. இந்தக் கட்டடத்திலிருந்து அனுப்புவது மட்டும் வாசல்படி தாண்டவில்லை.

இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனதிலும் ஆச்சரியம் இல்லை. அந்தப் பக்கத்தோடு பேச்சுவார்த்தை வேண்டாம் என்று பெரியவர் சொல்லி வைத்திருந்தார். மீறி ஒன்றிரண்டு பேர் எழுதியிருந்தாலும், பதில் வராதபோது 'அங்க போனதும் பந்தா வந்துடுச்சு' என்று நினைத்துக்கொண்டு விட்டிருப்பார்கள்.

அவள் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்தாள். பட்டியலை சர்வர் மறுபடி படிக்கும்படி செய்து, கால்குலேட்டருக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். அதுவும் உள்ளேயே விழுந்தது. ஒவ்வொரு ஃபைலாகத் தேடியதில், முன்னொரு காலத்தில் அவளே வேறொரு ஃபைலிலும் அதே பெயரை எழுதி வைத்திருந்தது கிடைத்தது. அதையும் எடுத்தாள். இப்போது மெயில் வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, வந்துடுச்சு! 'டெஸ்ட்'னு மட்டும் போட்டிருக்கு. இதுக்கா மூணு வருஷம்?" கால்குலேட்டர் சிரித்தாள். அப்புறம் குரல் இறங்கியது. "அந்தக் கல்யாண மெயில்?"

"இருக்குடி. அனுப்பறேன்."

அந்தப் பழைய பெட்டிகளை எல்லாம் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. யாரிடமிருந்து, எந்தத் தேதியில், அவ்வளவுதான். ஆபரேட்டர் அறையிலேயே படிந்த பழக்கம் அது. லைன் போட்டதும் காதை எடுத்துவிட வேண்டும்.

சின்னவரின் பெட்டியில் வரிசையாக ஒரே ஆளிடமிருந்து வந்த மெயில்கள் இருந்தன. எல்லாம் பெரியவர் அனுப்பியவை. முதல் மெயில், அண்ணிக்கு இருதய ஆபரேஷன் நடந்த வாரத்தில் எழுதியது.

அந்த நாட்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. பெரியவர் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாக அலைந்தார். ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் நின்று, யாரிடம் என்றில்லாமல், "வளர்த்தவ சாகக் கிடக்கிறா. எட்டிப் பாக்கலையே பாவி" என்று சொன்னார். அண்ணி பிழைத்து எழுந்தார். ஆனால் அதற்கப்புறம் சின்னவர் பெயரை எடுத்தாலே பெரியவர் எழுந்து போய்விடுவார்.

இதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். வழி சரியாகிவிட்டது, இனிமேல் எழுதினால் போய்ச் சேரும். யாரும் கேட்கப் போவதில்லை. அவள் அப்படி நினைத்தது உண்மை. கையில் இருந்த டீ ஆறும் வரை நினைத்தாள். பிறகு எழுந்து பெரியவர் அறைக்குப் போனாள்.

அவர் அறைக்குத் தடுப்பு வெறும் பலகைதான். அவர் காதுக்கு எட்டும்படி பேசினால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். அதனால் அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பெரிய எழுத்தில் தட்டினாள்: 'நீங்கள் சின்னவருக்கு எழுதிய மெயில் எதுவும் அவருக்குப் போகவில்லை.'

"என்ன?" என்று கத்தினார் பெரியவர்.

அவள் முழுவதையும் எழுதினாள். டொமைன் பட்டியல், பழைய பெட்டி, மூன்று வருஷம். கடைசியில், 'சர்வர் என் பொறுப்பு. நான் பார்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது' என்று எழுதி நிறுத்தினாள்.

"ஒண்ணுகூடப் போகலையா?"

'இல்லை.'

"ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதினது?"

'அதுவும் இல்லை.'

"அப்ப அவனுக்குத் தெரியவே தெரியாதா?" அவர் குரல் உடைந்ததும் அதே சத்தத்தில்தான் உடைந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கும் ஒலிகள் நின்றுபோயின. அவள் அவசரமாக, 'மெதுவாகப் பேசுங்கள், வெளியே கேட்கிறது' என்று தட்டினாள்.

"கேக்கட்டும்!" என்றார். ஆனால் குரலைத் தணித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். தன் கம்பெனி லென்ஸ்தான் அது.

அவள் எழுதினாள்: 'எல்லாவற்றையும் இப்போது அனுப்பிவிட முடியும். பழைய தேதியோடு போகும்.'

பெரியவர் பதறிப்போனார். "ஐயையோ, எல்லாத்தையும் அனுப்பிடாதேம்மா! பின்னாடி எழுதினதெல்லாம்... பதில் வரலை, பதில் வரலைன்னு வயிறெரிஞ்சு எழுதினது. அதையெல்லாம் ஒரு மனுஷன் படிக்கக் கூடாது. நீ படிச்சியா?"

'இல்லை. தேதி மட்டும் பார்த்தேன். நீங்களே பார்த்து எது வேண்டும் என்று சொல்லுங்கள்.'

அந்தப் பெட்டியிலிருந்து அவர் எழுதியவற்றை மட்டும் அவர் திரையில் திறந்து கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மத்தியானம் வரை கதவு மூடியே இருந்தது. நடுவில் ஒருமுறை அவர் தனியே சிரிப்பது கேட்டது. ஒருமுறை "சீ" என்பது கேட்டது. அப்புறம் அவளைக் கூப்பிட்டார்.

"முதல் மெயில் மட்டும் போகட்டும். மத்ததை அழிச்சுடு. நல்லவேளை, உன் மெஷின் என்னைக் காப்பாத்திச்சு. அதெல்லாம் போயிருந்தா அவன் என் முகத்துலயே முழிச்சிருக்க மாட்டான்."

அவள் அந்த ஒரு மெயிலை அனுப்பினாள். கூடவே தன் பெயரில், எங்கள் சர்வரின் தவறால் இது இத்தனை நாள் வெளியே போகாமல் இருந்தது, மன்னிக்கவும் என்று ஒரு குறிப்பும் அனுப்பினாள்.

சாயங்காலம் கிளம்பப் பையை எடுத்தபோது சின்னவர் போன் செய்தார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல்.

"ஆபரேட்டரம்மா, நேரா கேக்கறேன். இது அண்ணன் சொல்லிக் கொடுத்த கதையா? இப்ப எழுதிட்டு பழைய தேதி போட்டு அனுப்பறீங்களா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், உங்க அண்ணனுக்குத் தேதி மாத்தத் தெரியுமா? பாஸ்வேர்டையே எழுதி ஸ்கிரீன்ல ஒட்டி வெச்சிருக்கார். வேணும்னா வாங்க, லாகை நீங்களே உக்காந்து பாருங்க."

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம்.

"அண்ணி இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். மாடி ஏற மட்டும்தான் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஆபரேஷன் ஆனதே எனக்குத் தெரிஞ்சுது. என்கிட்ட வேணும்னே மறைச்சுட்டாங்கன்னு..." அவர் முடிக்கவில்லை. பிறகு கேட்டார்: "நான் அங்க எழுதியிருந்தா? அதுவும் நின்னுபோயிருக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆபரேட்டரம்மாவுக்கு அது நுனிநாக்கு வரை வந்தது.

"இல்லை சார். உங்க பக்கத்திலேர்ந்து வழி திறந்துதான் இருந்துச்சு. எழுதியிருந்தா வந்திருக்கும்."

"ம்" என்றார் சின்னவர். "நான் எழுதலை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். என்ன நடந்தது என்று பெரியவரின் டிரைவர்தான் வந்து சொன்னார். அண்ணி கதவைத் திறந்ததும், "வழி தெரிஞ்சுதாடா?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாராம். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்களாம். பெரியவர் மட்டும், "என்ன பேசறீங்க, என்ன பேசறீங்க?" என்று நடுவில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கம்பெனிகள் ஒன்று சேரவில்லை. பிளாஸ்டிக் லென்ஸைப் பெரியவர் இன்றைக்கும் டப்பா மூடி என்றுதான் சொல்கிறார். ஆனால் மாதத்தில் ஒருநாள் சின்னவர் குடும்பம் அங்கே சாப்பிடப் போகிறது.

ஆபரேட்டரம்மா இதோடு விடவில்லை. பிரிவினைக்குப் பிறகு அந்தப் பக்கம் அனுப்பிய எந்த மெயிலும் போகவில்லை என்று கம்பெனி முழுக்கச் சொல்ல வேண்டும் என்றாள். "ஊரே சிரிக்குமேம்மா" என்றார் பெரியவர். அன்றைக்கு அவர் கத்தியதில் பாதி ஏற்கனவே ஊருக்குத் தெரியும் என்று அவள் எழுதிக் காட்டினாள். சரி என்றார்.

நாலைந்து பேர் மாடிப்படி அறைக்கு வந்தார்கள். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். "மெயில் தொலையாதுன்னு சொன்னீங்களே" என்று ஸ்டோர் கீப்பர் குத்திக் காட்டினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கடைசியாக பாலிஷ் ஃபோர்மேன் வந்தார். கதவோரம் நின்றார். தன்னோடு ஒரே மெஷினில் வேலை பார்த்து, பிறகு ஃபிரேம் பிரிவுக்கு மாறி அந்தப் பக்கம் போய்விட்ட நண்பருக்கு, உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு எழுதியிருந்தார். அந்த நண்பர் போன வருஷம் இறந்துவிட்டார்.

"பதிலே போடலைன்னு நான் சாவுக்குக்கூடப் போகலைம்மா" என்றார்.

அவள் தன் நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தாள். தான் நின்றாள்.

"அதை என்ன பண்றது இப்ப?" என்று கேட்டார்.

"அழிக்கணும்னா அழிச்சிடறேன் அண்ணே. இல்லைன்னா உங்களுக்கே திருப்பி அனுப்பறேன்."

யோசித்தார். "அவன் வீட்டுக்காரம்மாகிட்ட மெயில் எல்லாம் கிடையாது. காகிதத்துல எடுத்துக் குடு. நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

பிரின்டரில் வந்த தாளை, தான் பார்க்காமல் கவிழ்த்தபடியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மடித்து மேல் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரி அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். கணவர் கேலி எதுவும் பண்ணாமல் அவரே பாத்திரம் கழுவினார்.

அடுத்த வாரம் கால்குலேட்டர் வீட்டுக்கு வந்தாள். கல்யாண வீடியோவைப் போடச் சொல்லி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் மீசை சரியில்லை என்றாள். பந்தியில் யார் யார் இரண்டு முறை உட்கார்ந்தார்கள் என்று எண்ணிச் சொன்னாள். பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வரும் இடம் வந்ததும் எண்ணுவதை விட்டாள்.

"நீ ஒரு போன் பண்ணியிருக்கலாம்க்கா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பண்ணியிருக்கலாம். நீயும் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அழுது என்னைப் போக விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

"அப்ப சரி" என்று சொல்லி, கால்குலேட்டர் ரிமோட்டை எடுத்து வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.